வைத்தியரின் அறைக்குப் பக்கத்து அறைகள்: மருத்துவ நிலையங்களின் துணைச் சேவைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் மாலை வேளையில் எந்தத் தனியார் மருத்துவ நிலையத்தின் வாசலில் நின்று பார்த்தாலும், வைத்தியரின் பெயர்ப்பலகைக்குக் கீழே இரத்தப் பரிசோதனை, ஸ்கான், ஈ.சி.ஜி, பாமசி என்று சிறிய பலகைகள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். வைத்தியரோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டு இந்தப் பக்கத்து அறைகளில் ஒரு மணித்தியாலம் காத்திருப்பவர்களே அதிகம். ஆய்வுகூட மேசைக்குப் பின்னால் இருபது வருடங்களுக்கு மேலாக இருந்த காலத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் கீழே தருகிறேன்.

துணைச் சேவைகள் என்பதில் எவை அடங்கும்?

வைத்தியர் நோயாளியின் பேச்சைக் கேட்டு, உடலைத் தொட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவதற்கும், வந்த முடிவைச் செயற்படுத்துவதற்கும் வேறு சிலருடைய கைகளும் கருவிகளும் தேவைப்படுகின்றன. ஆய்வுகூடம், எக்ஸ்றே, ஸ்கான், ஈ.சி.ஜி ஆகியவை நோயைக் கண்டறிய உதவுகின்றன; மருந்தகம், இயன்மருத்துவம், பேச்சுச் சிகிச்சை, காயத்துக்கு மருந்து கட்டுதல், போசணை ஆலோசனை ஆகியவை சிகிச்சைக்கு உதவுகின்றன. வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பதையும், படுக்கையில் இருப்பவரைப் பராமரிக்கத் தாதியை அனுப்புவதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

துணை என்ற சொல் இருப்பதால் இவை தகுதி குறைந்தவர்கள் செய்யும் வேலைகள் என்று எண்ண வேண்டியதில்லை. மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், கதிர்ப்படப்பிடிப்பாளர், இயன்மருத்துவர் ஆகியோர் அனைவரும் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்துகொண்டே தொழில் புரிய வேண்டும்.

எல்லாச் சேவையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் நோயாளிக்கு உண்மையில் நன்மை உண்டா?

உண்டு. அந்த நன்மையின் அளவு, நோயாளி எங்கிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்தது. உவர்மலையில் இருப்பவர் நாளைக்கும் வரலாம். வெருகலிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ வருபவருக்கு நகருக்கு ஒரு தடவை வந்துபோவது என்பது ஒரு நாட்கூலியை இழப்பதாகும். முதியவராயின் கூட வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, துறையடியில் பாதை எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்திருந்து இக்கரைக்கு வந்தவர்களை நினைத்துப் பார்த்தால், "நாளைக்கு ரிப்போட்டோடு வாருங்கள்" என்ற ஒரு வசனம் எவ்வளவு பாரமானது என்பது விளங்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தம்பலகாமத்து விவசாயி ஒருவர், வயலில் முள் குத்திய கால் மூன்று வாரமாக ஆறவில்லை என்று வந்தார். வைத்தியர் கால் நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சீனி அளவைப் பார்க்கச் சொன்னார்; பத்து நிமிடத்தில் விடை வந்தது. அதுவரை அவருக்கு நீரிழிவு இருப்பது அவருக்கே தெரியாது. எலும்பு வரை கிருமி போயிருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்றே எடுத்து, புண்ணைச் சுத்தம் செய்து, மருந்து கட்டி, அன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். இதே வேலை நான்கு இடங்களில் நான்கு நாட்களில் நடந்திருந்தால், அவர் மூன்றாம் நாளே போதும் என்று விட்டுவிட்டு வயலுக்குப் போயிருப்பார். நான் அப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே இடத்தில் இருப்பதன் இன்னொரு பயன் வெளியே தெரிவதில்லை. ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு ஒரு முடிவில் சந்தேகம் வந்தால் எழுந்து போய் வைத்தியரிடம் கேட்க முடிகிறது. "இந்த அம்மாவுக்குப் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு 6.8 வருகிறது, ஆள் எப்படி இருக்கிறா?" என்று கேட்டால், "நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறா, திரும்ப எடுங்கள்" என்ற பதில் அந்த இடத்திலேயே கிடைக்கும்.

பரிசோதனை எழுதும் வைத்தியருக்கே ஆய்வுகூடமும் சொந்தமாயின், தேவையில்லாமல் எழுத மாட்டாரா?

நியாயமான சந்தேகம். எழுதுகிறவருக்கு இலாபம் வரும்போது எழுதப்படும் பரிசோதனைகள் கூடும் என்பது உலகம் முழுவதும் கவனிக்கப்பட்ட விடயம். அமெரிக்காவில் இதற்காகவே 1989இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது; அதைக் கொண்டுவந்த காங்கிரஸ் உறுப்பினர் பீற் ஸ்ராக்கின் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. தமக்கோ குடும்பத்தினருக்கோ பங்குள்ள ஆய்வுகூடத்துக்கு அரச காப்புறுதி பெற்ற நோயாளிகளை அனுப்புவதை அச்சட்டம் தடுத்தது. ஆனால் அதே சட்டம், வைத்தியரின் சொந்த நிலையத்துக்குள்ளேயே நடக்கும் துணைச் சேவைகளுக்கு, நோயாளியின் வசதியைக் கருதி, நிபந்தனைகளுடன் விலக்கும் அளித்திருக்கிறது. வசதியும் ஆசையும் ஒரே கதவால்தான் உள்ளே வருகின்றன என்பதைச் சட்டம் எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள் போலும்.

நம்மூர் நோயாளி சட்டப் புத்தகத்தைக் கையில் எடுக்க வேண்டியதில்லை. "டொக்டர், இதன் முடிவு கூடி வந்தால் என்ன செய்வீர்கள், குறைந்து வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று பணிவாகக் கேட்டாலே போதும். நல்ல வைத்தியர் இந்தக் கேள்விக்குக் கோபிப்பதில்லை. அரை நிமிடத்தில் விளக்குவார். இரண்டு விதமாக வந்தாலும் அதே மருந்துதான் என்றால், அந்தப் பரிசோதனையை ஏன் செய்ய வேண்டும் என்று அடுத்த கேள்வியையும் கேட்கலாம். வேறு இடத்தில் பரிசோதனையைச் செய்துகொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு. பரிசோதனை எழுதிய சிட்டையை உங்கள் கையில் தரவேண்டும். நேரே பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டுச் சிட்டையைத் தராமல் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை.

அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைப்பதை ஏன் காசு கொடுத்துச் செய்ய வேண்டும்?

பல வேளைகளில் தேவையே இல்லை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும், கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலும் கிளினிக் நோயாளிகளுக்கான வழமையான பரிசோதனைகள் இலவசமாகவே செய்யப்படுகின்றன. 35 வயதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், சீனி முதலியவற்றைப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே அறிவதற்கான சுகவனிதையர் கிளினிக்குகளும் அரச சுகாதாரத் துறையில் உள்ளன. சுகவனிதையர் கிளினிக்கைப் பற்றி உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்லுவார். கூச்சத்தினால் இதைத் தவறவிடும் பெண்கள் நம்மிடையே மிக அதிகம்.

வரிசை நீளமாக இருக்கும்போது, இரசாயனப் பொருள் தீர்ந்திருக்கும்போது, அல்லது இன்றிரவே முடிவு தெரிய வேண்டியிருக்கும்போது தனியார் சேவை கைகொடுக்கும். வெளியே செய்த ரிப்போட்டைக் கிளினிக் கொப்பியில் செருகிக் கொண்டுபோய் அரச வைத்தியரிடம் காட்டுவதில் தவறொன்றும் இல்லை, மறைப்பதுதான் தவறு.

இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டுமா?

எல்லாவற்றுக்கும் அல்ல. வெறும் வயிற்றுச் சீனிக்கு 8 மணித்தியாலமும், கொழுப்புப் பரிசோதனைக்கு வைத்தியர் கேட்டுக்கொண்டால் 9 முதல் 12 மணித்தியாலமும் உணவின்றி இருக்க வேண்டும். மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி, குருதிக்கல எண்ணிக்கை, தைரொயிட், சிறுநீரகப் பரிசோதனை முதலியவற்றுக்கு விரதம் தேவையில்லை. தண்ணீர் எதற்கும் குடிக்கலாம். குடிக்காமல் வந்தால் நரம்பு வற்றிப்போய், எங்களுக்கும் சிரமம், உங்களுக்கும் இரண்டு குத்து. பால் சேர்க்காத தேநீர் பரவாயில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. சீனியோ சீனியில்லையோ, தேநீர் வேண்டாம்.

நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர்ப் பகுதியினர் நோன்போடு மதியம் வந்து இரத்தம் கொடுக்கலாமா என்று கேட்பதுண்டு. சஹர் உணவுக்குப் பின் எட்டு மணித்தியாலம் கடந்திருந்தால் வெறும் வயிற்றுச் சீனிக்கு அது பொருந்தும். நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டி எடுக்காமல் இருப்பது நல்லது. 14 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பட்டினியில் சில அளவுகள் மாறுகின்றன. இன்சுலின் போடுபவர்கள் நோன்பு தொடங்குமுன்னரே வைத்தியரைக் கண்டு அளவுகளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கே எடுக்கும் இரத்தம் கொழும்புக்குப் போகிறதாமே? போகும் வழியில் கெட்டுப் போகாதா?

அவசரமான, வழமையான பரிசோதனைகள் இங்கேயே நடக்கின்றன. ஹோர்மோன், புற்றுநோய்க் குறிகாட்டி, இழையப் பரிசோதனை போன்றவற்றில் பல கொழும்பிலுள்ள பெரிய ஆய்வுகூடங்களுக்கு அனுப்பப்படுகின்றன. இங்கிருந்து கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர். முறையாக அனுப்பினால் கெடாது. முறை தவறினால், கொழும்புக்கு என்ன, பக்கத்து அறைக்குப் போகும்போதும் கெடும்.

இரத்தம் எடுக்கும் தட்டைக் கவனித்திருப்பீர்கள். நிறநிறமான மூடிகளோடு சிறிய ரியூப்புகள் இருக்கும். ஊதா மூடியில் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. குருதிக்கல எண்ணிக்கைக்கும் எச்.பி.ஏ1சிக்கும் அது. சாம்பல் மூடியில் புளோரைட் இருக்கிறது. சீனிப் பரிசோதனைக்கு அது. இரத்தத்திலுள்ள கலங்கள் ரியூப்புக்குள் வந்த பிறகும் உயிரோடு இருந்து சீனியைத் தின்றுகொண்டேயிருக்கின்றன. புளோரைட் இல்லாத ரியூப்பில், கலங்களைப் பிரிக்காமல் வைத்தால், மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் வரை சீனி குறைந்துவிடும். நமது சித்திரை வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். காலை ஏழு மணிக்கு எடுத்த இரத்தத்தைப் பத்து மணி வரை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தால், நீரிழிவு உள்ள ஒருவர் நீரிழிவு இல்லாதவராக வீடு திரும்பக்கூடும்.

பொட்டாசியம் இதற்கு நேர்மாறு. நரம்பு தேடுவதற்காகக் கையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னாலும், சிரிஞ்சில் இழுத்த இரத்தத்தை ரியூப்புக்குள் அழுத்திப் பீய்ச்சினாலும், குலுங்கிக் குலுங்கிப் போகும் வண்டியில் அனுப்பினாலும், தசைக் கலங்களிலிருந்தோ உடைந்த செங்கலங்களிலிருந்தோ பொட்டாசியம் வெளியே வந்து அளவு பொய்யாகக் கூடிவிடும். சரியான அளவு 3.5 முதல் 5 வரை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், வெளிக் கிளை ஒன்றிலிருந்து முச்சக்கர வண்டியின் பின் இருக்கையில், ஐஸ் கட்டியை நேரே தொட்டபடி வந்த மாதிரியில் பொட்டாசியம் ஏழுக்கு மேல் வந்து, அந்த முதியவரை நள்ளிரவில் வீட்டிலிருந்து எழுப்பி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே திரும்ப எடுத்தபோது 4.3. அந்தக் குடும்பத்தின் ஓர் இரவு நித்திரைக்கு யாரும் நட்டஈடு கொடுக்கவில்லை. மாதிரியைச் சுழற்றிப் பிரித்தபோது மேலே நின்ற நீர் வைக்கோல் நிறத்தில் இல்லாமல் செம்பருத்தித் தேநீர் போல இருந்ததை நாங்கள் கவனித்து நிறுத்தியிருக்க வேண்டும்; அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

ஆகவே நீங்கள் கவனிக்கக்கூடியவை சில உண்டு. ரியூப்பில் உங்கள் பெயர் உங்கள் கண் முன்னாலேயே எழுதப்படுகிறதா, ஊசி புதிய உறையிலிருந்து எடுக்கப்படுகிறதா, மாதிரி எப்போது எந்த வண்டியில் போகிறது, முடிவு என்று வரும் என்று கேட்கலாம். சலப் பரிசோதனைக்கு வீட்டிலிருந்து கொண்டுவருபவர்கள், முதலில் சிறிது விட்டுவிட்டு நடுவில் வருவதைத் தந்த போத்தலில் மட்டும் பிடித்து, கிருமி வளர்ப்புப் பரிசோதனையாயின் இரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஜாம் போத்தலைக் கழுவிக் கொண்டுவருவதை இன்றும் பார்க்கிறேன்.

ரிப்போட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருக்கிறது. எனக்கு வருத்தம் என்று அர்த்தமா? முழு உடற்பரிசோதனை ஒன்று செய்துகொள்வது நல்லதா?

இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை இருக்கிறது. ரிப்போட்டின் வலப்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் சாதாரண அளவு எப்படி வந்தது தெரியுமா? நலமாக உள்ளவர்கள் பலரைப் பரிசோதித்து, அவர்களில் நடுவிலுள்ள 95 வீதமானவர்களின் அளவை எடுத்து, மேலும் கீழுமாக மிஞ்சும் 5 வீதத்தை வெளியே விட்டுவிடுகிறார்கள். எந்த நோயும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்கு ஒரு பரிசோதனையில் தடித்த எழுத்து வருவது, இவ்வகையில், கணக்கிலேயே எழுதப்பட்ட விடயம். ஒன்றையொன்று சாராத இருபது பரிசோதனைகளை ஒரேயடியாகச் செய்தால், முழு நலத்தோடு இருக்கும் ஒருவருக்கு ஒரு தடித்த எழுத்தாவது வரும் வாய்ப்பு 64 வீதம். அவர் பதறிப்போய் இன்னொரு பரிசோதனை, அதற்குப் பின் ஒரு ஸ்கான், பிறகு கொழும்பில் சனலிங் என்று அலைவார்.

இதனால்தான் நாற்பது ஐம்பது பரிசோதனைகளைக் கட்டுக்கட்டாக விற்கும் கழிவு விலைப் பொதிகளில் எனக்கு நம்பிக்கையில்லை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளை அம்மாவுக்கு அன்போடு வாங்கிக் கொடுக்கும் பரிசு பெரும்பாலும் இதுதான், அன்பில் குறையில்லை. வயதுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் ஏற்ப இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு, தேவையானால் சிறுநீரகம் என்று வைத்தியர் தெரிந்தெடுக்கும் நான்கைந்து பரிசோதனைகள் அதைவிட அதிகம் சொல்லும்.

மறுபுறத்தில், எல்லாம் சாதாரண எழுத்தில் இருப்பதும் முழு உத்தரவாதமல்ல. எச்.பி.ஏ1சி 6.5 வீதமோ அதற்கு மேலோ வந்தால் நீரிழிவு என்பார்கள். ஆனால் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவருக்கும் இரத்தச்சோகை உள்ளவருக்கும் அந்த எண் ஏமாற்றலாம். ரிப்போட் ஆங்கிலத்தில் இருப்பதால் கைத்தொலைபேசியில் படமெடுத்து உறவினர் குழுவுக்கு அனுப்பி விளக்கம் கேட்பவர்களும் உண்டு. உங்களைத் தொட்டுப் பார்த்த வைத்தியரே அதை வாசிக்க வேண்டிய ஆள்.

காய்ச்சல் என்று போனால் ஏன் நாளுக்கு நாள் இரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள்?

டெங்குவுக்காக. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வருடம் நாடு முழுவதும் பதிவான டெங்கு நோயாளர் 186,000க்கு மேல். காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குள் வைரசின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை டெங்குவைக் காட்டலாம். ஆனால் இல்லை என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று முடிவு செய்ய முடியாது. ஆகவே குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) எந்தப் பக்கம் போகின்றன, இரத்தம் தடிக்கிறதா என்பதை மூன்றாம் நாளிலிருந்து தொடர்ந்து பார்க்கிறார்கள். சாதாரணமாக 150,000 முதல் 450,000 வரை இருக்கும் சிறுதட்டு 100,000க்குக் கீழே இறங்கினால் வைத்தியசாலையில் அனுமதிப்பார்கள். ஒரு நாள் எண்ணை மட்டும் பார்த்துப் பயன் குறைவு. நேற்று 190,000, இன்று 130,000 என்பதே செய்தி. அதனால் முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள்.

சிலருடைய இரத்தத்தில், ஊதா மூடி ரியூப்பின் மருந்தினால் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இயந்திரத்துக்குக் குறைவாகத் தெரியும். அனுபவமுள்ள தொழில்நுட்பவியலாளர் கண்ணாடித் தட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்து இதைப் பிடித்துவிடுவார்.

காய்ச்சல் விட்டுவிட்டது, இனி வேண்டாம் என்று நிறுத்திவிடாதீர்கள்; டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளே ஆபத்து தொடங்கும் நாளாக இருக்கலாம். பரசிற்றமோல் தவிர இபுபுறோபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் போன்ற வலிமருந்துகளைப் பாமசியில் கேட்டு வாங்கிப் போடவும் வேண்டாம்.

நெஞ்சு வலிக்கு ஈ.சி.ஜி எடுத்தேன். ஒன்றுமில்லை என்று வந்தது. பயமில்லைத்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. பத்து இடங்களில் ஒட்டிப் பன்னிரண்டு கோணங்களில் எடுக்கப்படும் ஈ.சி.ஜி, அந்தச் சில விநாடிகளில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருந்தது என்பதை மாத்திரமே காட்டுகிறது. மாரடைப்பின் தொடக்கத்தில் அது சாதாரணமாக இருக்கக்கூடும். இதயத்தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் றோப்போனின் இரத்தத்தில் கூடவும் சில மணித்தியாலங்கள் செல்லும். வலி தொடர்ந்தாலோ, வியர்த்தாலோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, மருத்துவ நிலையத்தின் வரிசையில் இலக்கம் எடுத்து உட்காராமல் 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய நோயாளர் காவு வண்டி இலவசம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல், மூச்சுத் திணறலாக மட்டும் மாரடைப்பு வரலாம்.

எக்ஸ்றே, ஸ்கான் எடுப்பதால் உடலுக்குக் கெடுதி உண்டா?

வயிற்றில் பசை பூசி எடுக்கும் ஸ்கான் ஒலியலைகளால் ஆனது. அதில் கதிர்வீச்சு இல்லை. எம்.ஆர்.ஐயிலும் இல்லை. எக்ஸ்றேயிலும் சி.ரி. ஸ்கானிலும் உண்டு. கதிர்வீச்சை மில்லிசீவேட் என்ற அலகில் அளப்பார்கள்; ஒரு நெஞ்சு எக்ஸ்றேயில் கிடைப்பது 0.1 மில்லிசீவேட் அல்லது அதற்கும் குறைவு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதர் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி வருடத்துக்கு சுமார் 2.4 மில்லிசீவேட். வயிற்றுக்கான ஒரு சி.ரி. ஸ்கானோ மூன்று நான்கு வருட இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமமாகலாம். தேவைப்பட்டால் அஞ்ச வேண்டாம், தேவையின்றிக் கேட்டு எடுக்கவும் வேண்டாம். கருவுற்றிருக்கலாம் என்ற சிறு ஐயம் இருந்தாலும் படம் எடுக்குமுன் சொல்லிவிடுங்கள்.

ஆயத்தம் பற்றி: பித்தப்பை பார்க்க ஆறு மணித்தியாலம் உண்ணாமலும், கருப்பை, சலப்பை பார்க்க நான்கைந்து குவளை தண்ணீர் குடித்துச் சலம் கழிக்காமலும் வரவேண்டும். சலப்பை நிறைந்து வலிக்கும் நிலையில் ஒரு மணித்தியாலம் வாங்கில் உட்கார்த்தி வைப்பதைத் தவிர்க்க, இலக்கத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு குடிப்பது புத்தி.

வைத்தியரே கடித உறையில் போட்டுத் தரும் மருந்துகள் நல்லவையா? பாமசியில் வாங்குவது நல்லதா?

நம் நாட்டுக் குடும்ப வைத்தியர்களிடம் நெடுங்காலமாக உள்ள வழக்கம் இது. பார்வைக் கட்டணத்தோடு மருந்தும் சேர்ந்து, சிறிய வெள்ளை உறைகளில் "காலை 1, இரவு 1" என்று பேனாவால் எழுதப்பட்டு வரும். ஏழை நோயாளிக்கு இது பெரிய உதவி. எனக்குள்ள ஒரேயொரு மனக்குறை, பல உறைகளில் மருந்தின் பெயர் இருப்பதில்லை என்பது. இரவில் உடம்பெல்லாம் தடித்து ஒவ்வாமையோடு வைத்தியசாலைக்கு ஓடிவரும் ஒருவர், "வெள்ளைக் குளிசை ஒன்று, மஞ்சள் குளிசை ஒன்று" என்று சொன்னால் அங்கே இருப்பவர் என்ன செய்வார்? உறையில் பெயரையும் மில்லிகிராமையும் எழுதித் தரும்படி கேளுங்கள்.

பாமசியில் வாங்கும்போது, மருந்தின் மூலப் பெயரைத் தெரிந்து வைத்திருந்தால் விலை குறைந்த தயாரிப்பைக் கேட்கலாம். மூலப் பெயரால் மருந்து எழுதும் பழக்கத்துக்காகப் பாடுபட்ட பேராசிரியர் சேனக பிபிலேயின் நாடு இது. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானதும் அவருடைய முயற்சியால்தான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைச் சிட்டையில்லாமல் கேட்காதீர்கள். தருவதற்கு மறுக்கும் மருந்தாளரே நல்ல மருந்தாளர்.

இன்சுலின் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. புல்மோட்டை, குச்சவெளி வரை பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் துணியில் சுற்றிய ஐஸ் பையோடு கொண்டுபோங்கள்; பஸ்ஸின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயில்படும் தட்டில் வைத்துவிட்டு உட்காராதீர்கள்.

இயன்மருத்துவம் என்பது உடம்பு பிடித்துவிடுவதா?

இல்லை. பாரிசவாதம் வந்த கையை மறுபடி பாத்திரம் பிடிக்கவும் காலை மறுபடி படி ஏறவும் பழக்குவது, எலும்பு முறிவுக்குப் பின் மூட்டு இறுகிப் போகாமல் காப்பது, நீரிழிவுக்காரருக்கு அடிக்கடி வரும் தோள்மூட்டு இறுக்கத்தை இளக்குவது எல்லாம் அதில் அடங்கும். பெரும்பகுதி வேலை நீங்கள் வீட்டில் செய்வது. வாரத்துக்கு இரண்டு தடவை போய் மின்கருவியை வைத்துவிட்டு வருவதால் மட்டும் தோள் இளகாது. வலை இழுத்து முதுகு பிடித்த மீனவர் ஒருவருக்கு, வலையை எந்த நிலையில் நின்று இழுப்பது என்று இயன்மருத்துவர் கயிறு ஒன்றைக் கதவில் கட்டி இழுத்துக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். அவர் எழுதிக் கொடுத்தது ஒரு மருந்துமில்லை.

ஓர் இடம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதா என்று எப்படி அறிவது?

சுவரைப் பாருங்கள். தனியார் மருத்துவ நிலையங்களும் ஆய்வுகூடங்களும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து, அதை வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். பாமசிக்கான அனுமதி, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குறுத்துகை அதிகாரசபையினுடையது. எக்ஸ்றே இயந்திரத்துக்கு 2014ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் தனியான அனுமதி வேண்டும். சான்றிதழில் உள்ள வருடத்தை வாசியுங்கள். மூன்று வருடம் பழைய சான்றிதழ் அழகான கண்ணாடிச் சட்டகத்துக்குள் தொங்குவதைக் கண்டால் கேட்பதில் தவறில்லை. ஐ.எஸ்.ஓ 15189 என்ற தரச்சான்று ஆய்வுகூடங்களுக்குக் கட்டாயமானதல்ல. இருந்தால் மேலதிக நம்பிக்கை.

சித்த மருந்தும் எடுக்கிறேன். ஆங்கில மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். இரு பக்கமும் சொல்லுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படும் ஊர் இது; படித்த சித்த வைத்தியர் உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கவே விரும்புவார். இரத்தம் இளக்கும் மருந்து எடுப்பவர்களும் சிறுநீரக நோயாளிகளும் இதில் விசேடமாகக் கவனமாக இருக்க வேண்டும்.

ரிப்போட்டுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

எறியவே வேண்டாம். பழைய எண் இல்லாமல் புதிய எண்ணுக்குப் பொருள் பாதிதான். ஐந்து வருடத்துக்கு முந்திய ஈ.சி.ஜி ஒன்று கையில் இருந்தால், இன்றைய மாற்றம் புதியதா பழையதா என்பதை வைத்தியர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். ஈ.சி.ஜியும் சில ஸ்கான் படங்களும் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருவதால், சில வருடங்களில் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வந்த அன்றே ஒரு போட்டோப் பிரதி எடுத்து, வலது மூலையில் திகதியைப் பெரிதாக எழுதி, பிளாஸ்ரிக் கோப்பில் திகதி வரிசையில் அடுக்குங்கள். அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில், ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரையும் இரத்த வகையையும் சிவப்புப் பேனாவால் எழுதி, கோப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள்.